கறுப்புப் பக்கம் வெளியே இருந்தால் என்ன கணக்கு, செல்வின்?

அன்புள்ள செல்வின் அண்ணனுக்கு,

அண்ணன் என்றதும் சிரிப்பு வருகிறதா? நீ இருந்த காலத்தில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மூன்று மாதம் முன்னால் பிறந்துவிட்ட பெரியம்மை மகனுக்கு என்ன அண்ணன் பட்டம் என்று ஒரு வீம்பு. இப்போது கூப்பிடுகிறேன், வைத்துக்கொள். ஒரு காரியமாகத்தான்.

நீ போனபோது குலசேகரம் சந்தை முழுக்க உன் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். எந்தப் படம் தெரியுமா? ஆதார் அட்டைப் படம். ஊரில் பாதிக் கல்யாணத்தை எடுத்தவன் நீ. நம் ஸ்டுடியோவில் இருந்த ஆல்பம் அத்தனையும் புரட்டினோம், ஒன்றிலும் நீ இல்லை. தூக்கத்தில் தட்டி எழுப்பிய கள்ளன் மாதிரி சுவர் சுவராக முழித்துக்கொண்டு நின்றாய். அதையேதான் சட்டம் போட்டு வீட்டு முன்னறையிலும் மாட்டியிருக்கிறோம்.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் உன் அம்மைக்கு, என் பெரியம்மைக்கு, இந்த யோசனை வந்திருக்க வேண்டும். போன வாரம் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்: "மக்கா, நான் செத்தா ஒட்டுகதுக்கு இப்பமே ஒரு நல்ல படம் எடுத்து வச்சிரு. அவனுக்க படத்தப் போல எனக்கதயும் ஆக்கிராத, கேட்டியா."

செய்யலாம். ஆனால் எதில் எடுப்பது? அங்கேதான் மண்டை குழம்பிப்போய்க் கிடக்கிறேன்.

என் ஃபுல் ஃப்ரேம் கேமரா இருக்கிறது. உன் அம்மைக்கு இப்போது தலை லேசாக ஆடுகிறது. நீ போன பிறகு வந்தது. என் கேமரா அந்த ஆட்டத்தை நிறுத்தி எடுத்துவிடும். ஆனால் தினமும் கல்யாண மேடையில் அடிக்கிற கேமராவில் பெரியம்மையையும் எடுப்பதா என்று மனசு ஒப்பவில்லை. நாகர்கோவிலில் ஒரு சிநேகிதனிடம் அதைவிடப் பெரிய மீடியம் ஃபார்மட் கேமரா இரவல் வாங்கி வந்தேன். எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினால் முகத்தில் ஒரு சுருக்கம் விடாமல் வந்திருக்கிறது. பெரியம்மை கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இது நானா, என் அம்மையா என்று கேட்டாள். அழித்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது உன்னுடைய லார்ஜ் ஃபார்மட் பிலிம் கேமரா. மரப்பெட்டி, துருத்தி, தலையை மூடக் கறுப்புத் துணி. முகத்தில் உயிர் வரவேண்டுமென்றால் இதுதான் என்று என் காது புளிக்கச் சொன்னாய். முதல் படம் அம்மைதான் என்றும் சொன்னாய். சரி, அதிலேயே எடுப்போம் என்று பரணிலிருந்து இறக்கினேன். பையில் பிலிம் வைக்கும் ஹோல்டர் ஒன்றே ஒன்று, அதற்குள் ஒரே ஒரு ஷீட் பிலிம். பிலிமில் வெளிச்சம் படாமல் மறைக்கும் மூடுதகட்டின் கறுப்புப் பக்கம் வெளியே தெரிகிறது.

இப்போது சொல்லு. உலகம் முழுக்க வெள்ளைப் பக்கம் வெளியே இருந்தால் புது பிலிம், கறுப்பு என்றால் எடுத்து முடிந்தது. உனக்கு மட்டும் நேர்மாறு. கறுப்பென்றால் இருட்டு, இருட்டென்றால் இன்னும் வெளிச்சம் படவில்லை என்று வாதம் வேறு. நான் கத்தினால் இரண்டு நாள் ஊர் வழக்கப்படி வைப்பாய், மூன்றாம் நாள் பழையபடி. இதை எந்தக் கணக்கில் வைத்தாய்? புது பிலிம் என்று நம்பி எடுத்து, உள்ளே நீ எடுத்த படம் இருந்தால் அதன் மேலேயே இதுவும் விழுந்து இரண்டும் நாசமாகும். எடுத்தது என்று நம்பிக் கழுவினால், ஒருவேளை நீ அம்மைக்கென்று ஒதுக்கி வைத்த புது பிலிம் வீணாகும். எளவு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நேற்று வேறு வழியில்லாமல் பெரியம்மையிடமே கேட்டேன். இந்தப் பெட்டியில் செல்வின் உங்களை எடுத்தானா?

"என்ன எடுக்கல்ல மக்கா. பிலா மரத்து மூட்டுல கசேரய போட்டு இரி இரின்னான். மீன்கறி அடுப்புல கெடக்குன்னு நான் சண்ட போட்டேன். செரி, அப்ப நீ வந்து இத அமுக்கு, நான் இரிக்கேன்னு அவனே போய் இரிந்தான். நான் அமுக்கினேன். டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுது. அது படம் ஆவுமா?"

சொல்லும்போது அவள் கட்டைவிரல், கையில் இல்லாத ஷட்டர் கேபிளை அமுக்கிக்கொண்டிருந்தது. என் கழுத்தில் என் கேமராதான் கிடந்தது. யோசிக்காமல் எடுத்துவிட்டேன். தலை கொஞ்சம் ஆடித்தான் வந்திருக்கிறது. போஸ்டருக்கு ஆகுமா, தெரியவில்லை. பெரியம்மைக்கு மட்டும் பிடித்திருக்கிறது.

ஆனால் அண்ணே, அந்த டிக் சத்தம் என்னைத் தூங்கவிடவில்லை. கசேரையில் போய் உட்காரும் முன்பு நீ மூடுதகட்டை உருவினாயா? உருவாமல் அமுக்கினால் சத்தம் வரும், படம் வராது. இல்லை, கோபமாக இருந்தவளைச் சிரிக்கவைக்கச் சும்மா அமுக்கச் சொன்னாயா? அம்மையை அப்படி ஏமாற்றி விளையாடக்கூடியவன்தான் நீ. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அந்த ஷீட்டைக் கழுவப் போகிறேன். இருட்டறை வாசலில் கசேரை போட்டு இருப்பேன் என்று பெரியம்மை இப்போதே சொல்லிவிட்டாள். ஒன்றுமில்லாமல் கண்ணாடி போல வெறும் பிலிமாக வந்தால் அதையும் அவள் கையில் கொடுப்பேன், பொய் சொல்லமாட்டேன். அதில் நீ விழுந்திருந்தால், கோணலாக இருந்தாலும், தலை பாதி வெட்டுப்பட்டிருந்தாலும், முன்னறையில் இருக்கும் ஆதார் படத்தைக் கழற்றிவிட்டு உன் அம்மை எடுத்த படத்தை மாட்டுவேன். இது சத்தியம்.

வந்துவிடு அண்ணே.

உன் சித்தி மகன்,
மூன்று மாதம் இளைய தம்பி,
ஜெயன்