நீங்கள் செய்த ட்ரம்பெட்டும் என் மூச்சும்

லய வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் திருவிழாவுக்குக் குத்துவிளக்கு தேய்க்கிறார்கள். புளியும் பித்தளையும் சேர்ந்த வாடை சுவரைத் தாண்டி வருகிறது. உங்கள் கை வாடை அது. அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அழுகை வரவில்லை. நீங்கள் போன நாளிலிருந்தே வரவில்லை.

தோட்டத்து பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர் என்றுதான் உங்களைக் கட்டிக்கொண்டேன். யுத்த காலம். ரம்புக்கனையில் ஒரு கல்யாணத்துக்கு ஊதிவிட்டுத் திரும்பும்போது சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்தார்கள். பெட்டிக்குள் என்ன என்று கேட்டவர்களுக்கு நல்ல சிங்களத்தில்தான் பதில் சொன்னீர்களாம். ஆனாலும் தமிழன் என்று இறக்கி அடித்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்தபோது முன்பற்கள் இல்லை, மேலுதடு கிழிந்திருந்தது. காயம் ஆறியபின் ட்ரம்பெட்டை வாயில் வைத்தீர்கள். வெறும் காற்றுதான் வந்தது. துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டீர்கள். பல மாதம் யாரோடும் பேச்சில்லை. நான் விடிந்ததும் ரப்பர் மலைக்குப் பால்வெட்டப் போனேன், வந்தேன், சோறாக்கினேன்.

ஒருநாள் பேண்ட்காரர்கள் நசுங்கிய ட்ரம்பெட் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நிமிர்த்திக் கொடுத்தீர்கள். அதன்பின் கேகாலையில் பித்தளை விளக்கு செய்யும் சிங்களவர் ஒருவரின் பட்டறைக்குப் போய், தகடு அடிக்கவும் பற்றவைக்கவும் பழகினீர்கள். குழாயை வளைப்பது அவருக்கும் தெரியாது. குழாய் நசுங்காமலிருக்க ஈயத்தை உருக்கி உள்ளே ஊற்றி, வளைத்து, மறுபடி உருக்கி வடித்து நீங்களே கண்டுபிடித்தீர்கள். விரலால் அமுக்கும் வால்வுகளை மட்டும் பழைய கருவிகளிலிருந்து கழற்றிப் போட்டீர்கள்.

முதல் ட்ரம்பெட் முடிந்த அன்று என்னிடம் நீட்டினீர்கள்.

“இந்தா புள்ள, ஊதிப் பாரு.”

“எனக்கு என்னங்க தெரியும்? லயத்து ஆளுங்க எல்லாம் சிரிப்பாங்க.”

“பாட்டு வேணாம். ஒரு மூச்சு ஊது. மத்தத நான் கேட்டுக்கிறேன்.”

லயத்து ஆட்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “எங்கயோ காத்து போகுது” என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். அதற்கப்புறம் நான் ஊதாமல் ஒரு ட்ரம்பெட்டும் நம் வாசலைத் தாண்டவில்லை. அவ்வளவு தூரத்துக் கலவானவிலிருந்துகூட ஆட்கள் தேடி வந்தார்கள்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வரவில்லை. கருமாதி முடிந்ததும் நான் பால்வெட்டப் போனேன். கலவான ஆட்கள் வந்து, நீங்கள் முடித்து வைத்திருந்த ட்ரம்பெட்டைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் அதை என்னிடமே திருப்பி நீட்டினார்.

“நீங்க ஊதிக் குடுங்கக்கா. அண்ணன் அப்படித்தான் குடுப்பாரு.”

ஊதினேன். நடு வால்வை அமுக்கியதும் கரகரத்தது. அந்த வால்வோடு குழாய் சேரும் இடத்தில் ஒட்டு விட்டிருந்தது.

“இப்படியே கொண்டுபோக வேணாம். கொஞ்சம் இருங்க.”

உங்கள் சாமான்களை எடுத்தேன். உங்கள் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் எனக்குத் தெரியும். அதை வைத்தே பற்றவைத்தேன். மறுபடி ஊதினேன். சரியாக இருந்தது.

இப்போது காலையில் பால்வெட்டு, பிறகு வீட்டில் உங்கள் பட்டறை வேலை. வருகிறவர்கள், கைத்தொழில்காரர் என்று உங்களைக் கூப்பிட்ட மாதிரியே வாசலில் நின்று “பாஸ்” என்கிறார்கள். முதலில் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்தே இருந்தேன். இப்போது, “என்ன?” என்று எழுந்து போகிறேன்.