இரண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரு பெட்டை

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அருங்காட்சியகத்தில் எனக்கு ஜன்னலோர மேசை கிடைத்துவிட்டது. நம் பறவைப் புத்தகத்துக்கு இனி வரைய வேண்டியது ஒரே பக்கம்தான்: கருந்தலைத் தினைக்குருவியும் செந்தலைத் தினைக்குருவியும். ஆண்களில் வம்பே இல்லை. இரண்டுக்கும் மஞ்சள் வயிறு. ஒன்றுக்குக் கறுப்புத் தலை, மற்றதற்குச் செம்பழுப்பு. பெட்டைகள்தான் உயிரை வாங்குகின்றன. எல்லாம் ஒரே மண் நிறம். முதுகில் செம்பழுப்பு தெரிந்தால் கருந்தலை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே பதப்படுத்தி வைத்திருக்கும் பதினொரு பெட்டைகளில் நான்கில்தான் அது தெரிகிறது. மற்ற ஏழின் காலிலும் உங்கள் கையெழுத்தில் பெயர்ச் சீட்டு, சிலதில் கருந்தலை, சிலதில் செந்தலை. எதை வைத்து எழுதினீர்கள்?

பிரஷர் மாத்திரையை மறந்து தொலைக்காதீர்கள்.

உங்கள் ஓவியக்காரி


மார்ச் 9

அடி ஓவியக்காரி,

கூடவே எந்த ஆண் பிடிபட்டதோ, அதன் பெயரைப் பெட்டைக்கும் எழுதினோம். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான். அதைப் போய்க் கிளறாதே. வாசகனுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும். செந்தலைப் பெட்டைக்குக் கொஞ்சம் பச்சையைக் கூட்டிவிடு, யார் கேட்கப்போகிறார்கள்? நீ அடம்பிடித்தால் வேறு ஆளை வரையவைக்கப்போவதாகப் பதிப்பாளர் சொல்கிறார். அட்டையில் உன் பெயரும் இருக்காதாம். "நீங்க சொன்னா கேப்பாங்கல்ல சார்?" என்றார். கேட்பாள் என்று சொல்லிவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்று.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன்னவன்


மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

கேட்க மாட்டேன்.

பக்கத்தில் நிற்பவர் பெயரால் அறியப்படுவது எனக்குப் புதிதில்லை. இருபத்திரண்டு வருடமாக எல்லாக் கூட்டத்திலும் நான் "சாரோட வொய்ஃப்". பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். எனக்காகச் சண்டை போடவில்லை, அது என் தப்பு. இந்தக் குருவிக்காகப் போடுகிறேன்.

இரண்டு ஆண்களுக்கும் நடுவில் ஒரே ஒரு பெட்டையை வரைந்திருக்கிறேன். கீழே, "பெட்டை. இரண்டில் எது என்று எப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது." அந்த ஏழு சீட்டுகளையும் அருங்காட்சியகக் காப்பாளரிடம் காட்டிவிட்டேன். கேள்விக்குறி போட்டுவிட்டார். கோபம் வரும் உங்களுக்கு. வரட்டும்.

அட்டையிலிருந்து என் பெயரைத் தாராளமாக எடுக்கச் சொல்லுங்கள். புத்தகத்துக்கு வரைந்த நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் நானும் எடுத்துக்கொள்கிறேன். பெட்டியில் அடுக்கியாகிவிட்டது.

நீங்கள் இல்லாமல் எனக்கும் சோறு இறங்கவில்லை, மறைக்க மாட்டேன். இந்தப் பக்கம் இப்படியே அச்சாகும் என்று கைப்பட எழுதி அனுப்புங்கள். மறுநாளே படங்களோடு வருகிறேன். எழுத மனம் வராவிட்டால், குருவிகளை நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.

ஓவியக்காரி