குரங்குக் காய்ச்சல் சந்தேகம்: என் கணவரின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பக் கோரி

அனுப்புநர்:
திருமதி விஜயலக்ஷ்மி சந்தானம்,
பெஹாலா, கொல்கத்தா.

பெறுநர்:
திரு. குருமூர்த்தி அவர்கள்,
தொற்றுநோய்க் கண்காணிப்பு அதிகாரி,
சால்ட் லேக், கொல்கத்தா.

பொருள்: ஆறாம் நாள் காய்ச்சலில் கிடக்கும் என் கணவரின் ரத்த மாதிரியை இன்றே வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவிடக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் படிப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் வங்காளம் காய்கறிக் கடையோடு சரி. அதனால் தமிழிலேயே எழுதத் துணிந்தேன்.

1. என் கணவர் சந்தானம், வயது 61, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பஜனைக் குழுவினர் ஒன்பது பேர் இம்மாதம் கர்நாடகாவில் ஷிமோகா பக்கத்துக் கோயில்களுக்குப் போனோம். 8ஆம் தேதி சனிக்கிழமை காலை, மலைக்கோயில் படியருகே ஒரு குரங்கு இறந்து கிடந்தது. மூக்கில் ரத்தம் உறைந்திருந்தது. ஆஞ்சநேயர் அப்படிக் கிடக்கத் தாண்டிப் போக யாருக்கும் மனம் வரவில்லை. என் கணவரும் சால்ட் லேக் சிவராம் அவர்களும் வெறுங்கையால் தூக்கினார்கள். மஞ்சள் நீரில் குளிப்பாட்டி, புது வேட்டி போர்த்தி, மாலை சாத்தி அடக்கம் செய்தோம். பிறகு என் கணவரின் கழுத்தில் ஒட்டியிருந்த உண்ணியை நான்தான் கிள்ளி எறிந்தேன்.

2. 11ஆம் தேதி ஹவுரா வந்து இறங்கினோம். 14ஆம் தேதி அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. 16ஆம் தேதி தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். டெங்கு பரிசோதனை இரண்டு முறை செய்து, இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. நேற்று ஈறில் ரத்தம், இன்று காலை மூக்கில். வேளாவேளைக்கு நான் குறித்து வைத்த காய்ச்சல் அளவுகளை இணைத்துள்ளேன்.

3. அந்தக் காடுகளில் குரங்குகளைக் கொன்று, உண்ணி கடித்து மனிதருக்கும் வரும் காய்ச்சல் ஒன்று உண்டு என்பதை நேற்றுதான் மகள் மஹிமாவின் போனில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். உடனே டாக்டரிடம் ஓடினேன். அவர் சேர்க்கைப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். “மாஷிமா, விலங்கு எதையாவது தொட்டாரான்னு கேட்டதுக்கு நீங்களே ‘இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்போ வந்து குரங்குன்னா நான் எதை நம்பறது?” என்றார். மேலிடத்து உத்தரவில்லாமல் மாதிரியை அனுப்ப முடியாதாம்.

4. அதை எழுதியது நான்தான், ஐயா. பொய் சொல்ல நினைக்கவில்லை. அந்தக் கேள்வியைப் படித்தபோது நாய், பூனை, மாடு எல்லாம் நினைவுக்கு வந்தன. நாங்கள் மாலை சாத்தி அடக்கம் செய்தவரை விலங்கு என்று என் மனம் எண்ணவில்லை. இன்றும் எண்ணவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு அது குரங்குதான் என்பது இப்போது புரிகிறது.

5. இன்று காலை சிவராம் அவர்களுக்கும் தலைவலியும் காய்ச்சலும் தொடங்கிவிட்டன. படிவத்தில் என்ன எழுதட்டும் என்று அவர் மனைவி அமலா என்னைக் கேட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னேன்.

ஆகவே, இருவர் ரத்தத்தையும் இன்று மாலைக்குள் அனுப்பவும், எங்களில் மற்ற ஏழு பேரைக் கண்காணிக்கவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். முகவரிகள் இணைப்பில் உள்ளன. நான் எழுதிய ‘இல்லை’யை அடித்துக் கையெழுத்திட எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிறேன்; வார்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்காகக் காத்திராமல் முதலில் ரத்தத்தை அனுப்பிவிடுங்கள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) விஜயலக்ஷ்மி சந்தானம்

இடம்: கொல்கத்தா
நாள்: 19.02.2025, காலை 10.40