படத்தின் மூலையில் இட்ட தேதி

கிழக்குத் தாம்பரம்
4.10.1968

பிரியமான அத்தானுக்கு, தபீதாள் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. பம்பாய்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? பெயின்ட் கையோடு ரொட்டியைப் பிய்க்காதீர்கள்.

பத்திரிகையில் நீங்கள் வரைந்த படம் வந்ததும், தோல் பதனிடும் டேனரி ஆட்களுக்கெல்லாம் காட்டிப் பெருமை அடித்தேன். அதுவே வினையாயிற்று. படத்தில் சவுரிமுத்து அண்ணன் டேனரியில் தோல் சுரண்டுகிறார். மூலையில் உங்கள் கையெழுத்து, ஜூலை 1968. ஜூலை முழுக்க அங்கே ஸ்டிரைக் அல்லவா? "நாம பட்டினி கெடந்தோம், இவன் உள்ள பூந்து வேலை பாத்துக்கினு இருந்துக்கீறான்" என்கிறார்களாம். அவரைச் சங்கத்தை விட்டே நீக்கப்போகிறார்கள். அவர் மனைவி புஷ்பம் வந்து அழுதுவிட்டுப் போனாள்.

நீங்கள் வரைவதற்காக நம் வீட்டுத் தாழ்வாரத்தில், என் கம்பளியை நனைத்துப் பலகைமேல் போட்டுத் தோல் என்று சுரண்டி நின்றவர் அவர்! உங்களைக் கேட்காமல் அந்த உண்மையைச் சொல்லமாட்டாராம். நான் சொல்லட்டுமா?

உங்கள்,
தபீதாள்


பம்பாய்
8.10.1968

என் கண்ணான தபீ,

படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனால், டேனரிக்குள் நின்று அந்த நாற்றத்திலேயே வரைந்தவன் என்றுதான் இங்கே என்னைக் கொண்டாடுகிறார்கள். பேட்டியில் நானும் தலையாட்டிவிட்டேன். கம்பளி விஷயம் தெரிந்தால் மானம் போகும். இங்கே என் கண்காட்சி முடியட்டும், அதுவரை சொல்லவேண்டாம். சவுரிமுத்துவுக்கும் அப்படியே எழுதியிருக்கிறேன். கோபிக்காதே. ஈரத்தலையோடு பள்ளிக்கூடம் ஓடாதே.

உன் ஐசக்


கிழக்குத் தாம்பரம்
14.10.1968

அத்தான்,

நேற்று சங்கக் கூட்டம். நீக்கப்போவதாகத் தலைவர் சொல்லியும் சவுரிமுத்து அண்ணன் தலைகுனிந்து நின்றார். வாசலில் இருந்த நான், "சொல்லுங்களேன்" என்றேன்.

"சாரு வேணாம்னு எழுதிக்கீறாரு டீச்சர். நம்பளால அவரு பேரு கெட வேணாம்" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். கையோடு கொண்டுபோன கம்பளியை மேஜைமேல் விரித்ததும், சவுரிமுத்து அண்ணனே ஒருதரம் சுரண்டிக் காட்டினார். ஒரே சிரிப்பு. அவர் தோளில் கைபோட்டு டீ குடிக்கக் கூட்டிப்போனார்கள்.

உங்கள் மானத்தை வாங்கிவிட்டேன். எனக்கு உங்கள்மேல் கோபம்தான். அதற்காகப் பிரியம் குறைந்துவிடவில்லை.

தபீதாள்


பம்பாய்
17.10.1968

தபீ,

உன் கடிதம் கண்டதும் இங்கே எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தார்கள். படத்தை விலைக்குக் கேட்டிருந்தவர் வேண்டாமென்று போய்விட்டார். போகட்டும்.

திங்கட்கிழமை வந்து சேருவேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடு. முதலில் சவுரிமுத்து வீட்டுக்குப் போகவேண்டும். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் ஐசக்