சிஸ்டர் ரோஸ்லினுக்கு நான் வைத்த பாவ்

என் அருமை பரமேஸ் அக்கா,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் தொப்பையில் வட்டமாக ஒரு சூட்டுக் காயம். ஆவியில் வெந்த சீனத்துப் பாவ் ரொட்டியைச் சுடச்சுட வாங்கி, சீருடைக்குள் ஒளித்து, நம் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் ஐசியுவுக்குள் கடத்தியதில் வந்தது. இத்தனை வருஷம் தாதி வேலை பார்த்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பதக்கம்.

எல்லாம் உங்களுக்காகத்தான். நீங்கள் வந்தால் படுக்கைகள் நிறைகின்றன என்று உங்களுக்கு 'ஜோனா', அதாவது ராசி கெட்டவள் என்று பட்டம் கட்டினாரே தலைமைத் தாதி ரோஸ்லின்! விளையாட்டாகத் தொடங்கி, கடைசியில் உங்களோடு ஷிப்டு நிற்க ஆளில்லாமல் போனது. பச்சைக் குழந்தையின் நூல் போன்ற நரம்பில் ஒரே குத்தில் ஊசி ஏற்றும் உங்கள் கையை, வெளிநோயாளி கவுண்டரில் நம்பர் கூப்பிட வைத்தார். அங்கிருந்தபடியே நீங்களும் போய்ச் சேர்ந்தீர்கள். உங்கள் இழவு வீட்டுக்கு வந்து, “பாவம், நல்ல மனுசி” என்றார் சிஸ்டர். அன்றைக்கே முடிவு செய்தேன், இவரையும் ஜோனா ஆக்காமல் விடுவதில்லை என்று.

வேலை நேரத்தில் பாவ் தின்றால் நோயாளிகள் வந்து குவிவார்கள் என்பதுதான் நம் ஆஸ்பத்திரி வேதமாயிற்றே. அவர் மேசையில் தட்டோடு வைத்தேன்.

“அலமாக்! யாரு லா இத வெச்சது? வெளிய தூக்கிப் போடு!”

“பசியோட இருக்கீங்களே சிஸ்டர்.”

காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத பசி. திட்டிக்கொண்டே ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். மென்று முடிக்கவில்லை, பெக்கான் நானாஸ் ஊரிலிருந்து ஒரு கைக்குழந்தை வந்துவிட்டது. நெஞ்சுச் சளி, உதடெல்லாம் நீலம்.

அதே ஷிப்டில் நானும் நிற்கிறேன் என்பதை என் மூளை கணக்கில் எடுக்கவில்லை. பாவ் பலித்தால் மூச்சு முட்டப்போவது சிஸ்டருக்கல்ல, ஏதோ ஒரு பிள்ளைக்கு என்பதும் அந்தச் சின்ன முகத்தில் காற்றுப் பையை அமுக்கும்போதுதான் உறைத்தது. என்னை நானே எத்தனை திட்டியிருப்பேன்?

நரம்பு கிடைக்கவில்லை. சிஸ்டர் குத்தினார், தவறியது. மறுபடியும் தவறியது. தலை நிமிராமல் முணுமுணுத்தார்.

“பரமேஸ் இருந்தா இந்நேரம் போட்டிருப்பாங்க.”

“நீங்கதானே சிஸ்டர் அவங்கள வெரட்டி விட்டீங்க?”

எல்லோருக்கும் கேட்டது. டாக்டர் மானிட்டரையே உற்றுப் பார்த்தார். சிஸ்டர் புது ஊசியைப் பிரித்தார். அடுத்த குத்தில் ஊசி ஏறியது.

சில நாள் கழித்துப் பிள்ளையின் தொண்டையில் போட்டிருந்த மூச்சுக் குழாயை எடுத்தோம். குழாய் இருக்கும்வரை பிள்ளைக்குச் சத்தமே வராது, உங்களுக்குத் தெரியாததா? கரகரவென்று பூனைக்குட்டி மாதிரி ஓர் அழுகை. “கத்துறா மிஸி, கத்துறா!” என்று தாய்க்காரி என்னைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள். இந்த ஒரு சத்தத்துக்குத்தானே அக்கா இடுப்பொடிய நிற்கிறோம்? அதைத்தான் சிஸ்டர் உங்களிடமிருந்து பிடுங்கினார். எப்படி மன்னிப்பேன்?

இனிமேல் பாவ் கிடையாது, என் வாயே போதும். ஷிப்டு மாறும் நேரத்தில் எல்லோர் முன்னாலும், “பரமேஸ் ஜோனா இல்ல” என்று அவர் வாயால் சொல்ல வைக்கிறேன். அதுவரை விடமாட்டேன், சத்தியம்.

உங்கள் வாயாடித் தங்கச்சி,
மல்லிகா

பி.கு.: என் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. ஜொகூர் பாரு நெரிசலில், சிஸ்டர் ரோஸ்லின் ஓட்டும் காரில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஏசியை என் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்.