ஒழுகாதென்று ஆணை பெற்ற கூரை

மங்கலம் பெருகுக. மழை காலத்தே பெய்க. பெய்த மழை ஏரியில் நிற்க, வயலில் நிற்க, வீட்டுக்குள் வாராதொழிக.

ஏழ்கோட்டு நாட்டையும் அதன் இரு துறைகளையும் ஆளும் காரிமாதேவி, வெண்ணகர் அரண்மனையின் கீழை மண்டபத்தில் வீற்றிருந்து, தாழைவாய்க் கூற்றத்தின் தலைவரும், புயல்வென்றாரும், இடியஞ்சாப் பேரரையரும், அலையடக்கிய அண்ணலும், மின்னலுக்கு முன்னவருமாகிய மழவதரையருக்கு எழுதுவித்த ஓலை. உமக்கும் உம் மனையோர்க்கும் உம் யானை குதிரைகளுக்கும் நலம் உண்டாகுக. இப்பட்டங்களை நீர் எமக்கு விடுத்த ஓலையில் இருந்தபடியே எழுதச் செய்தோம். அவற்றுள் முதலாவதை மட்டுமே நாம் தந்ததாக நம் சுவடிக் காப்பாளர் சொல்கிறார். மற்றவை எங்கிருந்து வந்தன என்பதை வேறோர் ஓலையில் கேட்போம்.

நீர் கைகளைக் கட்டி அனுப்பிய இருவரும் நான்கு நாள் நடந்து நம் அவைக்கு வந்து சேர்ந்தனர். ஒருத்தி தாழைவாயின் மருத்துவச்சி பூவணி. மற்றவன் உம் வாயிற்காவலன் சேந்தன். அரச முத்திரை பதித்த செப்பேட்டைக் கூரைமேல் ஏற்றி, மழையில் நனைத்து, அதன்மேல் காகம் உட்கார இடங்கொடுத்தனர் என்பது நீர் சாட்டிய குற்றம். வழக்கைக் கேட்டோம். நீர் எழுதாமல் விட்டவற்றையும் சேர்த்தே கேட்டோம். அவர்கள் பேசியவற்றை மெருகு பூசாமல் வாயில் வந்தபடியே எழுதுமாறு நம் எழுத்தருக்குக் கட்டளையிட்டிருக்கிறோம். படிக்கையில் உம் செவிக்குக் கரடாக இருந்தால் பொறுத்தருள்க.

பூவணிக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தாழைவாயில் இன்று ஓடித் திரியும் பிள்ளைகளில் பாதிப்பேர் முதன்முதலில் பார்த்த முகம் அவளுடையது. அவள் ஊழியத்துக்காக அரசு அளித்த ஓட்டுவீட்டில்தான் அவள் குடியிருக்கிறாள். பேறு பார்ப்பதும் அங்கேதான். ஒற்றை அறை, ஓர் அடுப்பு, ஒரு கட்டில். அந்தக் கட்டிலுக்கு நேர்மேலே இருந்த ஓடுகள் உடைந்த கதையிலிருந்து தொடங்குவோம்.

சென்ற ஆண்டு கடலில் எழுந்த புயல் தாழைவாய்க்கு வராமல் தானே வடக்கே திரும்பிப் போயிற்று. அதற்காக நீர் ‘புயல்வென்றான்’ என்று பட்டம் சூடி ஆனிமாதத்தில் நகர்வலம் வந்தீர். வீதியின் இருபுறமும் கூரைகளில் வீரர்களை ஏற்றி உம் தலைமேல் பூத்தூவச் செய்தீர். பூவணியின் கூரையில் நின்றவன் சேந்தன். நல்ல உடற்கட்டுள்ளவன். உம் யானை அருகில் வந்ததும் ஆர்வத்தில் துள்ளினான். ஒன்பது ஓடுகள் நொறுங்கின, அவற்றைத் தாங்கிய கைமரம் ஒன்றும் விரிசல் விட்டது. பூக்கள் உம்மீது விழுந்தன, ஓட்டுத்துண்டுகள் பூவணியின் கட்டில்மீது விழுந்தன.

அரசு தந்த வீட்டின் ஓட்டைக் குடியிருப்போர் தொடலாகாது, தொட்டால் வீட்டை இழப்பர் என்பது நம் பாட்டனார் வகுத்த விதி. அந்நாளில் சிலர் ஓடுகளைப் பிரித்து விற்றுவிட்டார்களாம். அதனால் பூவணி முறைப்படி உம் கண்காணியார் நக்கனாரிடம் சென்று முறையிட்டாள். அவர் ஆவணி மாதத்து வெயிலில் குடையோடு வந்து, அறை நடுவில் நின்று, கூரையின் ஓட்டை வழியாகத் தெரிந்த நீலவானத்தை நெடுநேரம் பார்த்தார்.

“எங்கம்மா ஒழுகுது?”

“மழை பெஞ்சா ஒழுகுமுங்க.”

“இப்ப ஒழுகலையே?”

“இப்ப மழை இல்லீங்களே.”

“அப்ப மழை வந்தப்புறம் சொல்லு.”

இப்படிச் சொல்லிவிட்டு, ஆய்ந்த பொழுதில் ஒழுக்கு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். புரட்டாசியில் முதல் மழை இறங்கியதும் பூவணி நனைந்தபடி அவர் வீட்டுக்கு ஓடினாள். மழையில் வெளியே வருவது தம் உடம்புக்கு ஒவ்வாது என்று அவர் உள்ளிருந்தே சொல்லியனுப்பினார்.

அந்த மழையில்தான் ஒரு மீனவப்பெண் அந்தக் கட்டிலில் பிள்ளை பெற்றாள். பூவணி கட்டிலை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக இழுத்துப் பார்த்தாள். வீட்டிலிருந்த பானை, சட்டி, குண்டான், அகப்பைவரை எல்லாவற்றையும் தண்ணீர் ஏந்த வைத்தாள். கடைசியில் வெந்நீர் வைக்கக் கலமில்லை. ஈரத்தில் கிடந்த அந்தப்பெண் குளிர்சுரம் கண்டு பன்னிரண்டு நாள் பேச்சற்றுக் கிடந்து பிழைத்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் பூவணி சரியாக உண்ணவில்லை. இதை அவள் எமக்குச் சொல்லவில்லை, சேந்தன் சொன்னான்.

அதன்பின் அவள் உம் கொலுமண்டபத்துக்கே வந்து நின்றாள். நீர் இரண்டு புலவர்களை அனுப்பினீர். அவர்கள் அவள் வீட்டுக்குள் குடை பிடித்து அமர்ந்து ஒரு பகல் முழுதும் வாதிட்டனர் என்று அறிந்து வியந்தோம். விதியில் ‘ஒழுக்கு’ என்றுதானே இருக்கிறது, இங்கே விழுவது ‘சொட்டு’ அல்லவா என்றார் ஒருவர். ஓட்டைத் தொடலாகாது என்றால் அது ஓட்டினைக் குறிக்குமா, துளையாகிய ஓட்டையையும் சேர்த்துக் குறிக்குமா என்றார் மற்றவர். இருவருக்கும் பூவணி சுக்குநீர் கொடுத்தாள். அதிலும் இரண்டு துளி விழுந்தது. அதையும் குடித்துவிட்டு, இது ஆழ்ந்து ஆராயத்தக்கது என்று முடிவு கூறி எழுந்து சென்றனர்.

நிறைவாக நீரே தீர்ப்புச் சொன்னீர். புயலையே வென்றவர் ஆளும் ஊரில் ஒரு கூரை ஒழுகுகிறது என்றால் அயல்நாட்டார் என்ன நினைப்பர் என்று அவையில் வினவினீர். பிறகு ஒரு செப்பேடு வெட்டுவித்து, நம் முத்திரையையும் பதித்து, பூவணியின் கதவுக்குமேல் மாட்டச் செய்தீர். அச்செப்பேடு இப்போது எம் முன்னே இருக்கிறது. ‘இவ்வீடு ஒழுகாது. ஒழுகுகிறதென்போர் அரசுக்கு மாறுபட்டோர்’ என்பது அதிலுள்ள ஆணை. அது ஒரு வரி. அதற்குமேல் உம் பட்டங்கள் பதினெட்டு வரி. அதனால் ஏடு மிக அகலமாக அமைந்துவிட்டது. அந்த அகலத்துக்காக உமக்கு நன்றி சொல்லவேண்டியவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு வருகிறோம்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமழை. மூன்றாம் நாள் நண்பகலில் சேந்தன் தன் மனைவி கொற்றியைத் தோளில் தூக்கிக்கொண்டு பூவணியின் வாசலில் வந்து நின்றான். அவன் குடிசைக்குள் முழங்கால் அளவு நீர். கொற்றிக்குக் காலையிலிருந்தே வலி. பிள்ளை குறுக்கே திரும்பியிருந்தது. பூவணி வயிற்றைத் தொட்ட உடனே அறிந்துகொண்டாள், முகத்தில் காட்டவில்லை. எண்ணெய் காய்ச்ச வேண்டும், நீர் கொதிக்க வேண்டும், கொற்றியின் உடம்பு சூடாக இருக்கவேண்டும். ஆனால் காற்று திரும்பியிருந்தது. உடைந்த இடத்திலிருந்து வழிந்த நீர் கைமரத்தோடு ஓடி நேராக அடுப்பில் விழுந்தது. இருமுறை மூட்டினாள், இருமுறையும் அணைந்தது. கொற்றியின் உதடு நீலம் பாரித்தது. பற்கள் கிட்டத் தொடங்கின.

அந்தப்பொழுது அவள் மனத்தில் ஓடியது என்ன என்று கேட்டோம். பூவணி சொன்னாள்: “பயந்துட்டேம்மா. இத்தனை வருசத்துல நான் பயந்தது அன்னிக்குத்தான்.”

கூரைக்கடியில் செய்வதறியாது நின்ற சேந்தனைப் பார்த்து அவள் கத்தினாள்.

“நின்னுட்டே இருந்தா எப்படிய்யா? பூப்போட ஏறுன காலுதானே, இப்பவும் ஏறு!”

“ஓட்டைத் தொட்டா உன் வீடு போயிருமேக்கா!”

“ஓட்டைத் தொடாதே. ஓட்டையை மூடு.”

“எதை வச்சு மூட?”

பூவணி கதவுக்குமேலே கை நீட்டினாள். “அதோ தொங்குதே உத்தரவு. ஒழுகாதுன்னு எழுதியிருக்குல்ல? எடுத்துட்டுப் போய் வை. ஒழுகுதா பார்ப்போம்.”

சேந்தன் ஆணியைப் பிடுங்கிச் செப்பேட்டை எடுத்தான். விரிசல் விட்ட கைமரத்தில் கால்வைக்காமல் சுவர்வழியே ஏறி, அதை உடைப்பின்மேல் பரப்பினான். அளவு சரியாக இருந்தது. ஆனால் காற்று ஏட்டின் விளிம்பைத் தூக்கித் தூக்கி அடித்தது. அவன் அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். முதுகில் மழை அறைய, கீழே மனைவியின் ஓலம் செம்பின் வழியாக மார்பில் அதிர, இரண்டு நாழிகை அசையாமல் கிடந்தான். ஓலம் ஒருமுறை நின்றுபோனது. அப்போது தன் உயிரும் நின்றது என்று அவன் அவையில் சொல்லும்போது அழுதான்.

கீழே அடுப்பு பிடித்துக்கொண்டது. பூவணி எண்ணெய் காய்ச்சி, சிறிது சிறிதாக வயிற்றை நீவி, பிள்ளையைத் திருப்பினாள். பெண்பிள்ளை. முதலில் அழவில்லை. காலைப்பிடித்துத் தட்டியபின் அழுத அழுகை மழையையும் மீறிக் கூரைக்குக் கேட்டது. “சேந்தா, ரெண்டும் பொழைச்சுது. கீழ இறங்குய்யா” என்று பூவணி கூவினாள். அவன் இறங்கவில்லை. காற்று அடங்கும்வரை அப்படியே கிடந்தான். பின்னரே ஏட்டின்மேல் அம்மிக்கல்லை ஏற்றிவைத்துவிட்டு வந்து மகளைப் பார்த்தான்.

அதன்பின் பதினொரு நாள் அவ்வீடு ஒழுகவில்லை. உம் ஆணைகளுள் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது, எம் அறிவுக்கு எட்டியவரை, அது ஒன்றே. பன்னிரண்டாம் நாள் நீர் அவ்வழியே பல்லக்கில் போகையில் கதவுக்குமேல் வெறும் ஆணியைக் கண்டீர். அண்ணாந்தபோது உம் பட்டங்களின்மேல் ஒரு காகம் அமர்ந்து சிறகு உலர்த்திக்கொண்டிருந்தது. உடனே ஏட்டை இறக்கினீர், இருவரையும் கட்டினீர். அன்று மாலையே வீடு மறுபடி ஒழுகியது.

எழுத்துள்ள பக்கம் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று நம் நீதிபதி பூவணியைக் கேட்டார். அவமதிப்பை அளக்க அது தேவையென நீர் எழுதியிருந்தீராம்.

“மேலதாங்க இருந்துச்சு,” என்றாள். “மழையை ஜெயிச்சவரு பேரு ஆச்சே. அவரே பார்த்துக்கட்டும்னு வச்சோம்.”

நீதிபதியின் கையிலிருந்த எழுத்தாணி நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

கைக்குழந்தையோடு கணவனுக்குப் பின்னாலேயே நடந்துவந்த கொற்றியும் அவையில் இருந்தாள். பிள்ளை பசித்து அழுதது. யாரும் அடக்கவில்லை. வேண்டுவது என்ன என்று பூவணியைக் கேட்டபோது, புதுவீடு கேட்பாள், அல்லது உம்மைத் தண்டிக்கச் சொல்வாள் என எதிர்பார்த்தோம். “கட்டை அவுத்துவிட்டாப் போதும்மா. ஊர்ல ரெண்டு பேருக்கு நாள் நெருங்கிருச்சு. வழியெல்லாம் அதையே எண்ணிட்டு வந்தேன்” என்றாள். நம் நாட்டில் தம் கடமையை நாள் எண்ணிச் செய்வோர் யார், பட்டம் எண்ணிச் செய்வோர் யார் என்பது அக்கணம் எமக்கு விளங்கிற்று. நம் முத்திரை ஒரு பொய்யின்கீழ் பதிந்திருந்ததற்கு அவளிடம் அவையறிய வருந்தினோம். அவள் கூச்சப்பட்டுத் தலைகுனிந்தாள்.

ஆகவே நம் தீர்ப்பைக் கேட்பீராக. இவ்வீடு ஒழுகாது என்ற அரச ஆணையை மெய்யாக்கியவர்கள் பூவணியும் சேந்தனும். ஏட்டை இறக்கி அதைப் பொய்யாக்கியவர் நீர். அவ்விருவர்மீதும் குற்றமில்லை. நம் பாட்டனாரின் விதி இன்றோடு ஒழிந்தது. ஒரு கூரையின்கீழ் வாழ்பவருக்கு அதைச் செப்பனிட இனி எவர் உத்தரவும் வேண்டியதில்லை.

அவ்வீட்டுக்கு வேண்டிய ஓடும் கைமரமும் நீர் தரவேண்டும். தருவதோடு அமையாமல், ஏணியில் நீரே சுமந்து ஏறி வேயவேண்டும். எப்படி வேய்வதென்று சேந்தன் கீழே நின்று சொல்லுவான், எதிர்வார்த்தை பேசாமல் கேட்பீராக. வேய்ந்து முடிந்தபின் அடுத்த மழையின்போது நக்கனாரும் புலவர் இருவரும் குடையின்றி உள்ளே அமர்ந்திருக்கவேண்டும். தலையில் ஏதேனும் விழுந்தால் அதை ஒழுக்கென்றோ சொட்டென்றோ அவர்கள் விருப்பம்போல் வழங்கிக்கொள்ளலாம். ஆனால் நீர் மறுபடி ஏறவேண்டும்.

வேலை முடியும்வரை பூவணிக்கு உலர்ந்த இடம் வேண்டும். தாழைவாயிலேயே நன்றாக வேய்ந்த கூரை உம் கொலுமண்டபத்தின் கூரை என்று அறிகிறோம். இனி பேறுகாலம் நெருங்கிய பெண்கள் அங்கேயே வருவார்கள். நடுவில் கட்டில் போடுக, மேலைமூலையில் அடுப்பு மூட்டுக. அவர்கள் ஓலமிடும்போது உம் அரசுப்பணிகளை முற்றத்து மழையில் நின்று நடத்திக்கொள்ளலாம்.

நம் ஆட்சியின் பதினான்காம் ஆண்டு, கார்த்திகைத் திங்கள், மழை சற்றே ஓய்ந்த காலைப்பொழுதில், நம் கையெழுத்தும் மீன்கொடி முத்திரையும் இட்டு விடுத்தோம். இதைக் கொணரும் தேரிலேயே பூவணியும் சேந்தனும், கொற்றியும் அவள் மகளும் வருகிறார்கள். நாள் நெருங்கிய இருவரையும் வழியில் ஏற்றிக்கொண்டு வரும்படி தேரோட்டிக்குச் சொல்லியிருக்கிறோம். உம் பதிலோலைக்கு வலி காத்திராது. கதவைத் திறந்து வையும்.