சூப்பர் டஸ்ட்

குன்னூர்,
17.7.2001

திரு. வசந்தகுமார் அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். வரவில்லை. மூன்றாவதையும் வீணாக்க மனமில்லாததால் மரியாதையோடு நிறுத்திக்கொள்கிறேன். நானும் மனிஷாவும் சுகம். சென்னைக் காற்று உங்களுக்கு நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது, ஒரு சுற்றுப் பெருத்துக்கூட இருக்கிறீர்கள் என்று அங்கே உங்களைப் பார்த்துவிட்டு வந்த நம் டிரம்ஸ் வெள்ளியங்கிரி சொன்னான். அதனால் உங்கள் சுகத்தைக் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் போன எட்டு மாதத்தில் இது இரண்டாவது. மகளுக்கு அரை வரி, எனக்கு ஒரு வரி, மாஸ்டர் டேப்புக்கு ஒன்றரைப் பக்கம். டேப்பை உடனே கூரியரில் அனுப்ப வேண்டுமாம். கேசட் கம்பெனிக்காரர்கள் மெஷின் பீட் போட்டு, புதுப் பெண் ஒருத்தியைப் பாடவைத்து, நம் பாட்டுகளைத் திரும்ப வெளியிடப் போகிறார்களாம். பழைய பெண் யார் என்று எழுதும்போது உங்களுக்கு மறந்துபோயிருக்கும். நான்தான்.

இங்கே நிலவரம் சொல்கிறேன். நீங்கள் வேலை பார்த்த பேக்டரியைப் போன மாதம் பூட்டிவிட்டார்கள். இலைக்கு விலையில்லை. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பிக்கட்டிப் பக்கம் செடியை அப்படியே வளரவிட்டிருக்கிறார்கள். எங்கள் ஆபீஸிலிருந்து ஏலத்துக்குப் போகிற தேயிலையில் பாதி கேட்க ஆளில்லாமல் திரும்பி வருகிறது. நான் இன்னும் சாம்பிள் ரூமில்தான் இருக்கிறேன். தண்ணீர் கொதிக்கவைக்கிறேன், கப் கழுவுகிறேன், ருசி பார்க்கிற டேஸ்டருக்கு வரிசை வைக்கிறேன். வெள்ளியங்கிரி டிரம்ஸை விற்றுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறான். சொல்லிக்கொண்டு போக வந்தவன் வாசலிலேயே நின்று அழுதான். உங்களுக்கு அவன் நினைவிருக்கிறதா?

அப்போது பேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் ஓடியதால்தான் இலை வாட்டுகிற மாடி காலியாகக் கிடந்தது. அங்கேதான் பத்துப் பாட்டையும் பதிவு செய்தோம். மூன்றாவது பாட்டின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தை எடுக்க முடியாது என்று கோயமுத்தூரிலிருந்து மெஷினோடு வந்தவர் கையை விரித்தார். “இருந்துட்டுப் போகட்டுமுங்க, மழையும் நம்ம ஆளுதானுங்க” என்றீர்கள். அப்படிச் சொன்ன மனுஷனோடுதான் நான் குடும்பம் நடத்தினேன். இந்தக் கடிதத்தை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

கேசட் போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நாம் இரண்டு கிடாரையும் இழைத்து இழைத்து முடிப்பதற்குள் ஊர் ஆடத் தொடங்கிவிட்டது. நம் குன்னூர் மவுண்ட் ரோடு கேசட் கடையில் ஒருநாள் போட்டுப் பார்த்தார்கள். நின்றிருந்த பையன்கள், “அண்ணா, இந்தக் கிடார் எதுக்குங்க இப்படி அழுகுது? வேற போடுங்க” என்றார்களாம். இதற்கெல்லாம் நான் உங்கள்மேல் கோபப்படவில்லை. காலம் மாறினால் யார் என்ன செய்ய முடியும்?

என் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. கம்பெனி முதலாளி நம் கேசட் அட்டையைப் பார்த்து, “பேர்லயே தூசின்னு போட்டுட்டீங்களே சார், எவன் கைல எடுப்பான்?” என்று சிரித்தாராம். நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு, “அது எங்கூட்டுக்காரி வெச்ச பேருங்க. அதுக்கு வெவரம் பத்தாதுங்க” என்றீர்களாம். பக்கத்தில் நின்றிருந்த வெள்ளியங்கிரி என்னிடம் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

நான் வைத்த பெயரா? அன்று மாலை உள்ளங்கையில் ஒரு சிட்டிகைத் தூளோடு வந்து, “மோந்து பாரு ஐவி, சூப்பர் டஸ்ட். இதுக்கு மேல ஒரு பேரு இருக்குதா?” என்று குதித்தது யார்? நான் ‘தகரக் கூரை’ என்று வைக்கலாம் என்றேன். தகர டப்பா என்று கேலி செய்தீர்கள். நமக்கு டஸ்ட் என்றால் தூளிலேயே நயமான ரகம், சாயம் இறங்குகிற ரகம், ஏலத்தில் முதல் கை அதற்குத்தான் எழும்பும். மலைக்குக் கீழே அதற்குக் குப்பை என்று அர்த்தம் வரும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, இந்த மலையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அட்டையை அச்சடித்தவர்கூடத் தட்டிக்கொடுத்துத்தான் அனுப்பினார். அது நம் எல்லோருடைய அசட்டுத்தனம். அதை என் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு நீங்கள் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். நீங்கள் கோழை.

என் குரலைக் கேட்டு யாரும் கேசட் வாங்கவில்லை, அதற்காக அது இல்லாமல் போய்விடாது. அந்த டேப் ஒன்றில்தான் அது இருக்கிறது. இப்போதெல்லாம் சர்ச்சில்கூட நான் பாடுவதில்லை. பாட வாய் திறந்தால் உங்கள் முதலாளி சிரிப்பது கேட்கிறது.

கூரியரில் அனுப்ப மாட்டேன். உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே மலையேறி வாருங்கள். டேப்பை ஓட்ட ஒரு மெஷினை வெள்ளியங்கிரி விட்டுப்போகிறான். என் எதிரில் உட்கார்ந்து பத்துப் பாட்டையும் முழுதாகக் கேளுங்கள். அதன் பிறகு என் குரல் இருக்கிற தடத்தை உங்கள் கையாலேயே அழித்துவிட்டு டேப்பை எடுத்துப் போங்கள். நான் தடுக்க மாட்டேன், காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்களால் முடிந்தால் செய்யுங்கள்.

கர்த்தர் உங்கள் காதுகளைக் காப்பாராக.

இப்படிக்கு,
பாடியவள்,
ஐவி